வலது பின்சக்கரம்

வயண்டாட், மிச்சிகன்
ஆகஸ்ட் 28, 1983

ரோமன்,

மார்ச் மாதம் தொலைபேசியில் நாம் ஒருவருக்கொருவர் சொன்னதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. உனக்கும் இருக்கும். அதனால் இனி கடிதத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எழுதும்போது கத்த முடியாது.

அப்பாவின் நுரையீரல் படத்தை டாக்டர் வெள்ளிக்கிழமை காட்டினார். எத்தனை மாதம் என்று நான் கேட்டதற்கு அவர் நேராகப் பதில் சொல்லவில்லை. "நவம்பர் கடைசியில விருந்துக்கு ஆள் கூப்பிடறதா இருந்தா, இந்த வருஷம் கொஞ்சம் முன்னாடியே வெச்சுக்குங்க" என்றார். படித்த மனிதர்கள் இப்படிப் பேசுவது எனக்குப் பிடிக்காது. அப்பாவுக்குப் புரிய அது போதுமானதாக இருந்தது. வீட்டில் இறங்கியதும் கார் ஷெட்டைப் பார்த்து நின்றார்.

"அதுல ஒரு தடவ போயிட்டு வரணும் பெர்னி. ஆத்தோரமா மன்ரோ வரைக்கும். வேற ஒண்ணும் வேணாம்."

அவர் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அம்மா இறந்தபோதுகூட, உப்பு எங்கே இருக்கிறது என்று மட்டும்தான் கேட்டார்.

அந்தக் கத்தரிப்பூ நிறக் கார் நான்கு ஸ்டாண்டுகளின் மேல் சக்கரமில்லாமல் நிற்கிறது. பதின்மூன்று வருடங்களாக ஓடிக்கொண்டிருந்த கார். பிப்ரவரியில் நீ அதன் நான்கு சக்கரங்களையும் பழைய கார் உதிரிபாகச் சந்தைக்குக் கொண்டுபோய், இந்த அகலச் சக்கரங்களை மாற்றிக்கொண்டு வந்தாய். இரண்டு மணி நேர வேலை என்றாய். ஏரிகளில் பனி உருகியது, கப்பல் கூப்பிட்டது, போய்விட்டாய். அந்த இரண்டு மணி நேரம் இன்னும் வரவில்லை.

என்ன செய்யவேண்டும் என்று எழுது. ஒன்றையும் விடாமல் எழுது. எனக்கு இதில் எதுவுமே தெரியாது என்று வைத்துக்கொள். உண்மையும் அதுதான்.

பெர்னடைன்


எல்மர் ஹாஸ்கின்ஸ் கப்பல், சுப்பீரியர் ஏரி
செப்டம்பர் 3

பெர்னி,

டெட்ராய்டில் அஞ்சல் படகு எங்கள் கப்பலை ஒட்டி வந்தது. கயிற்றில் வாளியை இறக்கினோம், உன் கடிதம் வாளியில் ஏறி வந்தது. படித்து முடித்து அரை மணி நேரம் கழித்து நம் ஊரைத் தாண்டினோம். நம் தெருமுனைத் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. ஆறு நாளுக்கு ஒரு தடவை துலூத்தில் இரும்புத் தாது ஏற்றி, கிளீவ்லாந்தில் கொட்டிவிட்டு, வெறும் கப்பலாகத் திரும்புகிறோம். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை, வீட்டுக்கு நேரே. நிற்பதில்லை.

கேப்டனிடம் கேட்டேன். "மாத்து ஆள் ஏறினா நீ டெட்ராய்ட்ல அந்த அஞ்சல் படகுலயே இறங்கிப் போ. நான் எதுக்குத் தடுக்கப்போறேன்? ஆள் எங்கடா?" என்றார். யூனியன் அலுவலகத்தில் பெயர் கொடுத்திருக்கிறேன். இந்தப் பருவத்தில் ஆள் கிடைப்பது கஷ்டம்.

நீ என்னைத் திட்டுவது நியாயம்தான். ஆனால் நான் விளையாட்டுக்குச் செய்யவில்லை. சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் அப்பா பக்கத்துக் காரின் பின்சக்கரத்தைப் பார்த்து, "இது டயரு. நம்மளது சைக்கிள் டயரு" என்று பெருமூச்சு விடுவாரே, அதற்காகத்தான். டிசம்பரில் அவருக்கு எழுபது. அதற்குள் மாட்டி முடித்து நிறுத்தவேண்டும் என்று நினைத்தேன்.

பழைய சக்கரம் தேடி அலையாதே. முன்பக்கம் பெரிய பிரேக் போட்டிருக்கிறேன். பழைய அளவு அதன் மேல் ஏறாது.

செய்யவேண்டியது இதுதான். சக்கரத்துக்குப் பின்னாலிருக்கும் பிரேக் டிரம் கழன்று விழாமலிருக்க, போல்ட்டுகளில் நட்டுகளை இறுக்கிவிட்டுப் போனேன். முதலில் அவற்றைக் கழற்று. துரு பிடித்திருக்கும், எண்ணெய் விட்டு ஒருநாள் ஊறவிடு. வரவில்லையென்றால் ஸ்பேனரின் பிடியில் ஒரு நீளக் குழாயைச் சொருகி அழுத்து. உன் எடைக்குக்கூட வந்துவிடும். பிறகு சக்கரத்தை மாட்டி, நட்டுகளைக் குறுக்கு மாறாக இறுக்கு. எல்லாம் சரியாக உட்காரும். அளந்துதான் வாங்கினேன்.

அப்பாவிடம் ஞாயிற்றுக்கிழமை மன்ரோ போகலாம் என்று சொல்.

ரோமன்


செப்டம்பர் 8

ரோமன்,

ஞாயிற்றுக்கிழமை மன்ரோ போகமாட்டோம்.

வலது பக்க நட்டுகள் வந்துவிட்டன. இடது பின்பக்கம் அசையவில்லை. நீ சொன்னபடி குழாயைச் சொருகினேன். அப்படியும் அசையாததால் அதன் மேல் ஏறி நின்றேன். ஒரு சத்தம் கேட்டது, நட்டு என் காலடியில் விழுந்தது. வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். போல்ட்டின் பாதியும் அதோடு வந்திருந்தது. இது இயல்பு என்று எண்ணி இன்னும் இரண்டை அதேபோல் எடுத்தேன். என் வயதுக்கும் படிப்புக்கும் இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அப்பா சத்தம் கேட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார். தரையில் கிடந்ததைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வந்து உட்காரவைக்கும் வரை சிரித்தார்.

"இடது பக்கம் தலைகீழாத் திருகணும்டி! இது வந்த வருஷம் வரைக்கும் எங்க கம்பெனி வண்டியில இடது பக்க நட்டு எல்லாமே அப்படித்தான். நீ கழட்டல, இறுக்கியிருக்க. நாப்பத்தெட்டு வருஷமா இந்த ஊர்ல இருக்க, இதுகூடத் தெரியாதா?"

"யாரும் சொல்லலையேப்பா."

"இத எவன் சொல்லுவான்? தண்ணி ஈரம்னு யாராவது சொல்றாங்களா?"

யாரும் சொல்லவில்லை என்று உனக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு யூஜின் டிரம்மைக் கழற்றிக்கொண்டுபோய்ப் புது போல்ட்டுகள் அடித்துத் தருவதாகச் சொன்னார். இந்த அளவு வரவழைக்கப் பத்து நாளாகுமாம்.

அப்பா நன்றாகச் சிரித்து நெடுநாளாயிற்று. அதை மட்டும் உன் பக்கக் கணக்கில் எழுதிக்கொள்.

பெர்னடைன்


கப்பலில்
செப்டம்பர் 9

பெர்னி, அவசரமாக எழுதுகிறேன், வாளி இறங்கப்போகிறது. ஒன்று மறந்துவிட்டேன். இடது பக்க நட்டுகளை வலம்சுழியாகத் திருப்பித்தான் கழற்றவேண்டும். நீ இன்னும் அந்தப் பக்கம் போயிருக்கமாட்டாய் என்று நம்புகிறேன்.

ரோமன்


செப்டம்பர் 24

ரோமன்,

சக்கரங்கள் நான்கும் ஏறிவிட்டன. யூஜினும் நானும் காரை ஸ்டாண்டிலிருந்து இறக்கினோம். அது தரையில் உட்கார்ந்ததைப் பார்த்ததும் அப்பா கைதட்டினார். நீ நினைத்தது சரிதான். பின்னாலிருந்து பார்த்தால் அது வேறு கார். எனக்கு அதில் ரசனை கிடையாது, ஆனால் அவர் நாற்காலியைப் பின்பக்கம் போடச்சொல்லி, ஒரு மணி நேரம் அந்த டயர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பிறகு யூஜின் காரைப் பின்னுக்கு எடுத்தார். இரண்டடி போவதற்குள் ரம்பம் போடுவதுபோல் சத்தம். வலது பின்சக்கரம் மட்கார்டின் உள்விளிம்பில் உரசுகிறது. இடது பக்கம் டயருக்கும் விளிம்புக்கும் நடுவில் என் விரல் நுழைகிறது. வலது பக்கம் காகிதம் நுழையவில்லை.

யூஜின் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"ரோமன் எந்தப் பக்கம் அளந்தான் பெர்னடைன்?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

அப்பா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "முப்பத்தோரு வருஷம் மட்கார்டு அடிச்சவன் சொல்றேன். எந்தக் கம்பெனி வண்டியானாலும் சரி, அந்தக் காலத்துல ரெண்டு பக்கமும் ஒண்ணா வெளிய வந்ததே இல்ல. மனுஷன் மூஞ்சி மாதிரிதான். ஆக்சில் ஒரு பக்கம் அரை விரல் தள்ளித்தான் இருக்கும். ரெண்டு பக்கமும் அளக்கணும்னு என் வீட்டுல பொறந்தவனுக்கு நான் சொல்லவே இல்லையே, அது என் தப்பு" என்றார்.

யூஜின் ஒரு வழி சொல்கிறார். பழைய இரும்புக் கிடங்கில் இதே துளையமைப்புள்ள, குறுகலான இரண்டு சக்கரங்கள் இருக்கின்றனவாம். பின்பக்கம் அவற்றைப் போட்டால் உரசாது. அடுத்த சனிக்கிழமை எடுத்துவந்து அன்றே மாட்டிவிடலாம் என்கிறார். எனக்கு அது புத்திசாலித்தனமாகப் படுகிறது. ஆனால் இது உன் வேலை என்பதால் கேட்டுக்கொண்டு செய்கிறேன்.

அப்பாவால் இப்போது படியேற முடியவில்லை. கட்டிலைக் கீழே கொண்டுவந்துவிட்டேன்.

பெர்னடைன்


கப்பலில், சூ கால்வாய்
செப்டம்பர் 29

பெர்னி,

இடது பக்கம் மட்டும்தான் அளந்தேன். வலது பக்கம் சுவரை ஒட்டி அம்மாவின் தையல் மேசை இருந்தது. அதை நகர்த்தச் சோம்பல். எத்தனையோ பேருக்கு இரண்டு பக்கமும் அள என்று நானே சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அந்தக் கிடங்குச் சக்கரங்களை மட்டும் போடாதே. கெஞ்சிக் கேட்கிறேன். ஒரு மணி நேரம் அந்த டயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நீதானே எழுதியிருக்கிறாய்? கடைசியாகப் போகும்போது பின்னால் துருப்பிடித்த குப்பையை மாட்டிக்கொண்டா போகவேண்டும்? அவர் ஒன்றும் சொல்லமாட்டார். அதுதான் என்னால் தாங்க முடியாது.

இதைச் சரிசெய்ய எல்லோரும் செய்வது ஒன்று இருக்கிறது. என் பழைய பேஸ்பால் மட்டை மாடி அலமாரியில் இருக்கும். டயருக்கும் மட்கார்டு விளிம்புக்கும் நடுவில் அதன் மெல்லிய பக்கத்தைச் செருகு. யூஜின் காரை மெல்ல மெல்லத் தள்ளட்டும். டயர் உருள, மட்டையும் உருண்டு, உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டு விளிம்பை மேலே மடித்துவிடும். பெயின்ட் வெடிக்காமலிருக்க, முதலில் தலைமுடி காயவைக்கும் மெஷினால் அந்த இடத்தைச் சூடு பண்ணு. கை பொறுக்காத சூடு வரவேண்டும். அரை விரல் இடம் கிடைத்துவிடும். அது போதும்.

நான் சொல்வதை நீ நம்பியதே இல்லை. காரணம் இல்லாமலும் இல்லை. இந்த ஒரு தடவை நம்பு.

ரோமன்


அக்டோபர் 9

ரோமன்,

நம்பினேன்.

யூஜினிடம் கிடங்குச் சக்கரங்கள் வேண்டாம் என்று சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். "அவன் கப்பல்ல இருந்துகிட்டு மட்டைய உருட்டச் சொல்றான், நாம இங்க உருட்டறோம்" என்றார். ஆனாலும் வந்தார்.

அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, முடி காயவைக்கும் மெஷினை அவர் கையில் கொடுத்தோம். போர்வையைச் சுற்றிக்கொண்டு நாற்பது நிமிடம் அந்த விளிம்பைச் சூடாக்கினார். "இந்த மடிப்ப மெஷின்ல அடிச்சவங்கள்ல நானும் ஒருத்தன். இப்ப நானே சூடு காட்டி மேல மடக்கறேன்" என்று யூஜினிடம் சொன்னார். நான் மட்டையைப் பிடித்துக்கொண்டேன். பெயின்ட் ஓரிடத்தில்தான் வெடித்தது. "விடு, அது மச்சம்" என்றார்.

யூஜின் உள்ளூர்த் தெருக்களில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். உரசவில்லை. நானும் ஓட்டிப்பார்த்தேன். உரசவில்லை. அன்று மாலை உனக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம்கூட எழுதினேன். அனுப்பவில்லை, கிழித்துவிட்டேன்.

நேற்று வெயில் நன்றாக இருந்தது. அப்பா சவரம் செய்யச் சொன்னார், தொப்பி கேட்டார். யூஜினும் நானும் அவரைத் தூக்கி முன்சீட்டில், எனக்கு வலது பக்கம், உட்காரவைத்தோம். இப்போது அவர் ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் எடைதான் இருப்பார். அந்த எடை போதுமானதாக இருந்தது. வீட்டு வாசலிலிருந்து தெருவில் இறங்கும் இடத்தில் ஒரு சரிவு இருக்கிறதே, அங்கே அந்த ரம்பச் சத்தம் வந்தது. நான் நிறுத்தவில்லை. தெருவில் ஏறினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் வந்தது. ரப்பர் கருகும் வாசனை உள்ளே வந்தது.

"நிறுத்து" என்றார்.

"மெதுவாப் போலாம்பா. ஆத்தோரம் வரைக்குமாவது."

"டயர் கிழியும்டி. திருப்பு."

"கிழியட்டும்."

"நல்ல டயர். உன் தம்பி ஆசையா வாங்கினது. திருப்பு."

மொத்தம் மூன்று வீடுகள் தாண்டியிருப்போம். பின்சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்தால் உரசாது என்று யூஜின் சொன்னார். இரண்டு கதவுக் காரில், அவர் இருக்கும் நிலையில், பின்சீட்டுக்கு அவரை எப்படி மடக்கி நுழைப்பது? முயன்றோம். வலியில் முகம் வெளுத்துப்போயிற்று. அப்போதும், "என் வண்டியில நான் பின்னாடி உக்காரணுமா, நான் என்ன மேயரா?" என்றார்.

கிடங்குக்குத் தொலைபேசி செய்தேன். அந்த இரண்டு சக்கரங்களும் செவ்வாயன்று போய்விட்டன. வேறு வந்தால் சொல்வார்களாம். யூஜின் அக்கம்பக்கத்து ஊர்க் கிடங்குகளிலெல்லாம் விசாரிக்கிறார்.

அப்பா உன்மேல் வருத்தப்படவில்லை. "டிசம்பர்ல அவன் வந்து பாக்கட்டும். அவன் கைபட்டா சரியாயிடும்" என்கிறார். டிசம்பர் என்று அவர் சொல்லும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். அவருக்கும் தெரியும். எனக்காகச் சொல்கிறாரா, உனக்காகச் சொல்கிறாரா என்று தெரியவில்லை.

இதில் உன்னைக் குற்றம் சொல்ல நினைத்துத்தான் உட்கார்ந்தேன். நம்பியது நான். நல்ல வழி கையில் இருந்தபோது வேண்டாம் என்று சொன்னதும் என் வாய்தான்.

பெர்னடைன்


கப்பலில்
அக்டோபர் 14

பெர்னி,

படித்தேன். மூன்று வீடு.

கேப்டனிடம் மறுபடி போனேன். "வேலையே போனாலும் சரி, நான் இறங்கறேன்" என்றேன். "இறங்கு. உன் ஷிப்டுல எஞ்சினுக்கு யாரு நிப்பான்? உன் நிழலா?" என்றார். பிறகு அவரே ரேடியோவில் யூனியனைக் கூப்பிட்டார். அவர்கள் யோசிப்பதாகச் சொன்னார்கள். இரண்டு நாளாக சுப்பீரியர் ஏரியின் வாயில், காற்று அடங்குவதற்காக நங்கூரம் போட்டு நிற்கிறோம். நான் ஒன்றும் செய்யாமல் நிற்கிறேன்.

அப்பாவிடம் ஒன்றும் சொல்லாதே. அல்லது சொல். உனக்குத் தோன்றுவதைச் சொல்.

ரோமன்


கப்பலில், டெட்ராய்ட் நெருங்கும்போது
அக்டோபர் 19, காலை

பெர்னி!

ஆள் கிடைத்துவிட்டான்! டொலீடோக்காரன், பெயர்கூடத் தெரியாது, அவன் நூறு வயது வாழட்டும். வெள்ளிக்கிழமை கிளீவ்லாந்திலிருந்து திரும்பி மேலே போகும்போது, டெட்ராய்டில் அஞ்சல் படகில் அவன் ஏறுகிறான், நான் இறங்குகிறேன். மதியம் மூன்று மணிக்குள் வீட்டில் இருப்பேன்.

எல்லாம் யோசித்துவிட்டேன். பின்பக்கம் வலது ஸ்பிரிங்கில் ஒரு தகடு சேர்த்தால் அந்தப் பக்கம் அரை அங்குலம் உயரும், ஆள் உட்கார்ந்தாலும் இறங்காது. இதை அப்போதே எழுதியிருக்கவேண்டும். இங்கே பட்டறையில் தகட்டை வெட்டி, துளை போட்டு, பையில் வைத்துவிட்டேன். சனிக்கிழமை காலை மாட்டுகிறேன், மதியம் மன்ரோ. மூன்று பேரும். நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன், நான்தான் மேயர்.

வெள்ளிக்கிழமை சுமார் ஒன்றரை மணிக்கு நம் ஊரைத் தாண்டுவோம். கேப்டன் விசில் அடிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார், மூன்று நீளமாக, இரண்டு குட்டையாக. முடிந்தால் அப்பாவை ஆற்றங்கரைக்குக் கூட்டிவா, உன் காரிலாவது. நான் மேல்தளத்தில் நிற்பேன். பார்த்துக்கொண்டே இருப்பேன்.

ரோமன்


வயண்டாட்
அக்டோபர் 20, 1983

ரோமன்,

இந்தக் கடிதத்தை நாளைக் காலை அஞ்சல் படகுக்காரரிடம் கொடுத்துவிட்டு வருவேன். நீ கப்பலிலிருந்து இறங்கிப் படகில் கால் வைத்ததும் உன் கையில் கொடுக்கச் சொல்வேன். கரைக்கு வருவதற்குள் படித்துவிடு. நேரில் இதை என்னால் சொல்ல முடியாது.

அப்பா நேற்றுக் காலை எட்டு மணிக்குப் போய்விட்டார். நீ டெட்ராய்டை நெருங்கிக்கொண்டே அந்தக் கடிதத்தை எழுதிய நேரமாக இருக்கும். அது இன்று மதியம் எனக்குக் கிடைத்தது. காப்பி கேட்டார். கொண்டுவந்தபோது இல்லை. வலி இருந்ததாகத் தெரியவில்லை. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

கப்பல் கம்பெனி அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தேன். அந்தப் பெண், "கேப்டனுக்கு ரேடியோல சொல்லிடட்டுமா?" என்று கேட்டாள். நான் வேண்டாம் என்றேன். நடுத் தண்ணீரில், எல்லோர் முன்னாலும், வேறு யார் வாயிலிருந்தோ நீ இதைக் கேட்டு, அதற்குப் பிறகு இரண்டு நாள் எஞ்சின் பக்கத்தில் நிற்பதை என்னால் நினைக்க முடியவில்லை. இன்று பிற்பகல் தொலைபேசி நெடுநேரம் அடித்தது. கிளீவ்லாந்திலிருந்து நீயாகத்தான் இருக்கும். பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன், எடுக்கவில்லை. எடுத்திருந்தால் சொல்லியிருக்கவேண்டும். இதற்காக நீ என்மேல் கோபப்படலாம். எத்தனை நாள் வேண்டுமானாலும் படு.

அடக்கம் சனிக்கிழமை பத்து மணிக்கு. பாதிரியார் வெள்ளி என்றார், நான் கேட்டு மாற்றினேன்.

நாளை ஒன்றரை மணிக்குக் கரைக்கு வருவேன். அந்தக் காரைத்தான் ஓட்டிக்கொண்டு வருவேன். நான் ஒருத்தி உட்கார்ந்தால் அது உரசுவதில்லை. நீ இதைப் படிக்கும்போது அதெல்லாம் நடந்து முடிந்திருக்கும். விசில் அடித்திருப்பீர்கள். கரையில் கத்தரிப்பூ நிறத்தைப் பார்த்திருப்பாய். நான் வெளியே நின்று கையாட்டியிருப்பேன், அப்பா உள்ளே உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்திருப்பாய். நீயும் கையாட்டியிருப்பாய். அந்த நேரத்தில் நான் செய்தது சரியா என்று கேட்காதே. உன்னால் அவருக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. உனக்காவது ஒரு பத்து நிமிடம் கொடுக்கலாம் என்று தோன்றியது.

பிறகு வீட்டுக்குப் போய்க் காரை ஷெட்டில் விட்டுவிட்டு, என் சின்ன காரை எடுத்துக்கொண்டு படகுத்துறைக்கு வருகிறேன். வாசலில் நிற்பேன். ஒன்றும் பேசவேண்டாம், வந்து ஏறிக்கொள். இதில் இரண்டு பேர் போகலாம்.

பெர்னி